குதிகால் வலி: ஒரு பிசியோவின் நாட்குறிப்பு

ஜூன் 3, 2024
புதிதாக ஒரு ஆசிரியர் வந்தார். மாரத்தானுக்காக ஓடும் தூரத்தை ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்கியிருக்கிறார். "காலைல எழுந்து முதல் நாலு அடி வைக்க உயிர் போகுது மேடம். நடந்துட்டா சரியாயிடுது." குதிகால் எலும்புக்குச் சற்று மேலே, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநார் தடித்திருந்தது, கிள்ளினால் வலி. எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. வரையிலான இந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, தொல்லையும் பெரும்பாலும் இங்கேதான்.

முழு ஓய்வு எடுக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். ஓய்வில் வலி அடங்கும், ஆனால் தசைநார் இன்னும் பலவீனமாகும். மறுபடி ஓடினால் வலியும் திரும்பிவிடும்.

ஜூன் 4
அவருக்குப் படிக்கட்டுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். முன்பாதத்தைப் படி விளிம்பில் ஊன்றி, இரண்டு காலாலும் எம்பி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாகக் குதிகாலை இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். ஸ்வீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998இல் வெளியிட்ட முறை. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், பயப்பட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். முதல் வாரத்திலேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஜூன் 11
ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் ஓர் அக்கா. இவருக்கு வலி தசைநார் எலும்பில் ஒட்டும் இடத்தில். குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கினால் அந்த இடம் நசுங்கும். அதனால் சமதரையிலேயே எம்பச் சொன்னேன். செருப்புக்குள் சின்னதாக ஒரு குதிகால் மெத்தை. "ஒரு ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்டார். ஸ்டீராய்டு ஊசி வலியைக் கொஞ்ச நாள் மறைக்கும், தசைநார் அறுந்துபோகவும் வழி செய்யலாம். வேண்டாம்கா என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

ஜூன் 19
இன்று மனசே சரியில்லை. ஷட்டில் ஆடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்ததாம் அந்தத் தம்பிக்கு. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. பாதத்தை ஓரளவு அசைக்க முடிந்ததால் வீட்டில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டிருக்கிறார்கள். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தேன். தசைநார் நன்றாக இருந்தால் பாதம் தானாக அசைய வேண்டும். பாதம் அசையவில்லை. தசைநார் அறுந்திருக்கிறது.

விரல்நுனி கீழ்நோக்கி இருக்கும்படி கட்டுப்போட்டு, உடனே எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். அறுவை சிகிச்சையா, பூட்ஸ் மாட்டி ஆறவைப்பதா என்று அவர் பார்த்து முடிவு செய்வார். எதுவானாலும் ஆட்டத்துக்குத் திரும்பப் பல மாதம் ஆகும். 2010இல் கால்பந்து வீரர் டேவிட் பெக்காமுக்கு அறுந்ததும் இதே தசைநார்தான். அந்த ஆண்டு உலகக் கோப்பையில் அவரால் ஆட முடியவில்லை.

அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை சாப்பிட்டானா என்றும் கேட்டேன். இல்லையாம். அந்த வகை ஆன்டிபயாட்டிக்குகள் தசைநாரைப் பாதிக்கக்கூடும், எல்லாரிடமும் கேட்டுவிடுவேன்.

ஜூலை 8
ஆசிரியர் வந்தார். காலை நேர விறைப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது, பயிற்சியை நிறுத்தட்டுமா என்கிறார். வேண்டாம் சார், இனிமேல்தான் பாரம் ஏற்றணும் என்றேன். நாளை முதல் முதுகுப்பையில் புத்தகங்களோடு படியில் நிற்பார்.