இறகு அதிகமுள்ள கூடு

மலேசியாவில் சித்தியவான் பக்கம், பறவைக்கூடு சுத்தம் செய்யும் இடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். சீனர்கள் யென் வோ என்று சொல்லி, அவித்துச் சாப்பிடும் கூடு. ஊற வைத்து, இடுக்கியால் இறகு பொறுக்கி, மறுபடி கிண்ண வடிவத்தில் அடுக்கிக் காய வைப்போம். கேட்கச் சின்ன வேலைதான். ஒரு நாளைக்கு எட்டுக் கூடு முடித்தால் நல்ல நாள். பத்து முடித்தால் ராத்திரி கழுத்தைத் திருப்ப முடியாது.

கூடு கட்டுவது உழவாரன் இனத்துக் குருவி. மலாய்க்காரர்கள் வாலிட் என்பார்கள். கிளையில் உட்கார அதன் காலுக்கு வராது, சுவரிலும் பலகையிலும் தொற்றிக்கொள்ளத்தான் தெரியும். குச்சி, புல் எதுவும் தேடாமல் தன் எச்சிலையே இழை இழையாக இழுத்து ஒட்டும். பெரும்பாலும் ஆண் குருவிதான் கட்டுகிறது, ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்தக் காலத்தில் சரவாக்கின் நியா குகையிலும் சபாவின் கோமந்தோங் குகையிலும் ஏணி கட்டி ஏறி எடுத்தார்கள். எங்கள் ஊரில் கடைவீட்டு மாடி ஜன்னல்களை அடைத்து, உள்ளே இருட்டாக்கி, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு வரவழைக்கிறார்கள்.

சீன மருத்துவத்தில் இதை நுரையீரலின் வறட்சியைத் தணிக்கும் பொருளாகச் சொல்கிறார்கள். நாள்பட்ட இருமலுக்கும், நோயில் இளைத்தவர்களுக்கும், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கொடுப்பார்கள். கற்கண்டு போட்டு, மூடிய கிண்ணத்தைக் கொதிக்கும் நீரில் இறக்கி மெதுவாக அவிப்பார்கள். நாம் பத்தியக் கஷாயம் வைப்பது மாதிரியான பொறுமை அதில் இருக்கும்.

வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு சீன ஆன்ட்டி. முதல் நாள் என் முன்னால் வெள்ளைத் தட்டு, அதில் ஊறிய கூடு, மேலே பூதக்கண்ணாடி விளக்கு. காய்ந்திருக்கும்போது மீன் செதில் மாதிரி விறைப்பாக இருந்தது, ஊறியதும் சேமியா மாதிரி இழை பிரிந்துவிட்டது. பெரிய இறகு எளிது, நுனியைப் பிடித்தால் வந்துவிடும். தூவிதான் பாடு படுத்தும். முடியை விட மெல்லியது, இழைக்கு உள்ளேயே பின்னிக் கிடக்கும். இழுத்தால் இழை அறுந்துவிடும், அறுந்த இழை தண்ணீரில் போனால் எடை குறையும். "மூச்சை அடக்காதே, மூச்சு விட்டுக்கொண்டே எடு" என்பார் ஆன்ட்டி. மூச்சை அடக்கினால் கை நடுங்கும் என்பது புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

2011-இல் திடீரென்று வேலை நின்றது. மலேசியாவிலிருந்து போன ரத்தக்கூட்டில் நைட்ரைட் என்ற வேதிப்பொருள் அதிகம் இருப்பதாகச் சீனா கண்டுபிடித்து, இறக்குமதியை நிறுத்திவிட்டது. ரத்தக்கூடு என்றால் சிவந்த கூடு. குருவி ரத்தத்தைக் கக்கிக் கட்டியது என்று நம்பி, அதற்கு அதிக விலை கொடுத்தார்கள். 2013-இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியது வேறு. தரையில் சேரும் எச்சத்திலிருந்து உண்டாகும் நைட்ரைட்தான் வெள்ளைக் கூட்டைச் சிவப்பாக்குகிறது. அதைப் படித்த அன்று, எத்தனை குடும்பங்கள் கடன் வாங்கி அந்தச் சிவப்பை வாங்கி நோயாளிக்குக் கொடுத்திருக்கும் என்று மனசு ஆறவில்லை. சுத்தம் செய்த வெள்ளைக் கூட்டுக்குச் சீனா வழி திறக்க இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அதுவரை நான் ஒரு துணிக்கடையில் நின்றேன்.

திரும்பப் போனபோது புதுச் சட்டங்கள். ஒரு கிலோவில் நைட்ரைட் 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அது நீரில் கரைவதால் கழுவும் முறையே மாறியது. அப்புறம், குருவி வீடுகள் கால்நடை இலாகாவில் பதிய வேண்டும், எந்தக் கூடு எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கணக்கு வேண்டும். அதனால் எங்கள் தட்டுகளில் வீட்டு எண் ஒட்டினார்கள். எனக்குக் கண் திறந்தது அந்த எண்ணால்தான்.

ஒரு வீட்டுத் தட்டு வந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். இறகே இருக்காது, அரை மணியில் ஒரு கூடு முடிந்துவிடும். கூட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு அது பண்டிகை மாதிரி. வியாபாரத்திலும் இறகு குறைந்த கூட்டுக்குத்தான் விலை கூட. ஒருநாள் அந்தத் தட்டில் என் இடுக்கியில் நகத்துண்டு மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. வெள்ளையாக, லேசாக வளைந்து. விளக்குக்குக் கீழே பிடித்தேன். முட்டை ஓடு. பக்கத்து இழையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

ஆன்ட்டியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "முட்டையைக் கொட்டிவிட்டு எடுத்திருக்கிறார்கள்" என்றார். இந்தக் குருவி ஒரு தடவைக்கு இரண்டே முட்டைதான் இடும். கட்டி, அடைகாத்து, குஞ்சு பறந்து போக மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை காத்திருந்தால் கூடு தூவியால் நிறைந்துவிடும். இவ்வளவு நாள் நான் திட்டிக்கொண்டே பொறுக்கிய தூவியில், குஞ்சு வளர்ந்து பறந்துபோன அடையாளமும் இருந்திருக்கிறது. இறகில்லாத கூடு வரும்போதெல்லாம் சந்தோஷப்பட்டேனே என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

அந்த முட்டை ஓட்டை ஒரு தீப்பெட்டியில் போட்டு, தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் முதலாளியின் மேசையில் வைத்தோம். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கணக்கு பார்க்கிறவர். முட்டையை எடுத்துக்கொண்டே இருந்தால் குருவி அந்த வீட்டை விட்டுப் போய்விடும், ரெண்டு மூணு வருஷத்தில் அங்கிருந்து கூடே வராது என்று ஆன்ட்டி அவருக்குச் சீனத்தில் சொன்னார். நான் கூலியைப் பற்றிக் கேட்டேன். தூவி நிறைந்த கூட்டுக்கும் வெறுங்கூட்டுக்கும் ஒரே கூலி என்றால், எந்தத் தட்டை எடுக்க எங்கள் கை நீளும்? அன்றைக்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில், இறகு அதிகமுள்ள கூட்டுக்கு 50 சென் கூட்டியிருந்தார்.

அந்த வீட்டு எண் நாலு மாதம் எங்கள் அறைக்கு வரவில்லை. வந்த அன்று தட்டைத் திறந்தால், கூடுகள் சாம்பல் நிறத்தில் தூவி அடைந்து கிடந்தன. ஆன்ட்டி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு மூன்றுதான் முடியும்" என்று சொல்லி விளக்கை என் பக்கம் இழுத்துவிட்டார்.