யோசியா கேள்வி: விடைத்தாளில் மதிப்பெண் போகும் இடங்கள்

பழைய ஏற்பாட்டு வரலாற்றுத் தாளில் யூதா அரசன் யோசியாவின் வழிபாட்டுச் சீர்திருத்தம் வந்தால், "விக்கிரகங்களை உடைத்தான், பஸ்காவை ஆசரித்தான்" என்று ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டுப் பலர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். பெயரை மட்டும் மாற்றினால் அதே பக்கம் அவனுக்கு முன் ஆண்ட யூதா அரசன் எசேக்கியாவுக்கும் பொருந்தும். மதிப்பெண் அங்கேதான் போகிறது.

முதலில் இருவரையும் பிரித்துக்கொள்ளுங்கள். மோசேயின் வெண்கலச் சர்ப்பத்தை உடைத்தது எசேக்கியா (2 இராஜாக்கள் 18:4). எருசலேம் ஆலயத்தில் நியாயப்பிரமாண புத்தகம் கிடைத்தது, தீர்க்கதரிசினி உல்தாளிடம் ஆள் அனுப்பியது, பெத்தேல் பலிபீடத்தை இடித்தது எல்லாம் யோசியா. நாளாகமப்படி பஸ்கா பண்டிகை இருவருக்கும் உண்டு. எசேக்கியாவுடையது இரண்டாம் மாதத்தில், யோசியாவுடையது முதல் மாதம் 14ஆம் தேதி. இடையில் அரசன் மனாசேயின் 55 ஆண்டு ஆட்சியை விட்டுவிடாதீர்கள். தகப்பன் எசேக்கியா இடித்த மேடைகளை, அதாவது எருசலேம் ஆலயத்துக்கு வெளியே இருந்த வழிபாட்டு இடங்களை, அவன் திரும்பக் கட்டினான் (2 இராஜாக்கள் 21:3). இதை எழுதாவிட்டால் யோசியாவுக்கு இடிக்க என்ன மிச்சமிருந்தது என்பதே புரியாது.

அடுத்தது வரிசை. 2 இராஜாக்களில் யோசியா ஆட்சியின் 18ஆம் ஆண்டில் (கி.மு. 622) நியாயப்பிரமாண புத்தகம் கிடைக்கிறது, அதன்பிறகே சுத்திகரிப்பு. 2 நாளாகமம் 34இல் 8ஆம் ஆண்டில் தேவனைத் தேடுகிறான், 12ஆம் ஆண்டில் சுத்திகரிக்கத் தொடங்குகிறான், புத்தகம் 18ஆம் ஆண்டில்தான். இரண்டையும் கலந்து ஒரே கதையாக எழுதாமல், முரணைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். அந்தப் புத்தகம் உபாகமத்தோடு தொடர்புள்ளது என்ற கருத்தை 1805இல் வேதாகம ஆய்வாளர் டி வெட்டே முன்வைத்தார். பலியிட ஒரே இடம் என்னும் உபாகமம் 12ஐ இங்கே இணைத்தால் விடைக்கு எலும்பு கிடைக்கும்.

2 இராஜாக்கள் 23ஆம் அதிகாரத்தை வினைச்சொற்களைக் கோடிட்டுப் படியுங்கள். 6ஆம் வசனத்தில் ஆலயத்திலிருந்த தோப்பு விக்கிரகத்தைக் கீதரோன் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் எரிக்கிறார்கள், தூளாக்குகிறார்கள், அந்தத் தூளைப் பிரேதக்குழிகள்மேல் போடுகிறார்கள். எரித்தபின் கல்லறை எதற்கு? பிணத்தீட்டு பட்டது மறுபடி வழிபாட்டுக்கு ஆகாது. பெத்தேல் பலிபீடத்தின்மேல் எலும்புகளை எரித்ததும் இதே கணக்குதான். "தோப்பு" என்றதும் மரக்கூட்டம் என்று எழுதிவிடாதீர்கள்; பழைய மொழிபெயர்ப்பு தரும் குழப்பம் அது. மூலச்சொல் அசேரா: ஒரு தேவியின் பெயர், அவளுக்கு நாட்டும் மரக்கம்பத்துக்கும் அதுவே பெயர்.

ஆசாரியர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது. யூதாவின் மேடை ஆசாரியர்களுக்குப் பலிபீடத்தில் இடமில்லை, புளிப்பில்லாத அப்பத்தில் பங்கு உண்டு (23:8-9). சமாரியாவின் மேடை ஆசாரியர்களோ கொல்லப்பட்டார்கள் (23:20). உபாகமம் 18:6-8 நாட்டுப்புற லேவியனுக்கும் எருசலேமில் ஊழியம் செய்ய உரிமை தருகிறது. 2 இராஜாக்கள் 23:9 அதோடு ஒட்டவில்லை. இந்த ஒப்பீட்டை எழுதுபவர்கள் குறைவு, எழுதினால் தனித்துத் தெரியும்.

தொல்லியல் ஒரு பத்தி போதும். பெயெர்செபாவில் கொம்புள்ள பலிபீடத்தின் கற்கள் ஒரு களஞ்சியக் கட்டடத்தின் சுவருக்குள் கிடைத்தன. மூன்று கொம்புகள் முழுதாக இருந்தன, நான்காவது தட்டி உடைக்கப்பட்டிருந்தது. அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் ஆகரோனி அந்தப் பலிபீடத்தைக் கலைத்தது எசேக்கியாவின் வேலை என்றார்; இன்னொரு தொல்லியலாளர் யாதீன் அதை யோசியாவோடு சேர்த்தார். இருவர் பெயரையும் போட்டு எழுதுங்கள், "யோசியாவுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள்.