"என் நம்பரை எடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் கேட்டால்

வாசகர் வட்டமோ, தன்னார்வக் குழுவோ, குடியிருப்போர் சங்கமோ, எதுவானாலும் இப்படிக் கேட்கிற ஒருவர் வந்தே தீருவார். அந்த நம்பர் எத்தனை இடத்தில் கிடக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியவரும். உறுப்பினர் பட்டியலின் மூல ஷீட்டில் ஒன்று, அதை டவுன்லோட் செய்த பொருளாளரின் லேப்டாப்பில் ஒன்று, நிகழ்ச்சி நாளன்று எடுத்த பிரிண்ட்டில் ஒன்று, மூன்று வாட்ஸ்அப் குழுக்கள், யாரோ எடுத்த ஸ்க்ரீன்ஷாட். ஷீட்டில் ஒரு வரியை அழித்துவிட்டு "எடுத்துவிட்டோம்" என்று பதில் போட்டால், தெரியாமலே பொய் சொன்னதாகிவிடும். உறுப்பினர் தகவலைப் பயன்படுத்தச் சம்மதம் வாங்குவதைப் பற்றிப் பேசுகிற பலர் படிவத்தின் வாசகத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியாத குழுவால் வாங்கிய சம்மதத்தைக் காப்பாற்ற முடியாது.

ஆகவே முதல் வேலை கணக்கெடுப்பு. ஒரு தாளில் அட்டவணையாக நான்கு பத்தி போதும்: என்ன தகவல், எதற்காக, எங்கே இருக்கிறது, யார் கையில். நிரப்பும்போது "எதற்காக" என்ற பத்திதான் மாட்டிக்கொள்ளும். பிறந்த தேதி எதற்கு? வாழ்த்துச் சொல்லத்தான் என்றால் நாளும் மாதமும் போதும், வருடம் வேண்டாம். 18 வயது நிரம்பியவரா என்று பார்க்க என்றால் ஒரு டிக் போதும். வீட்டு முகவரி? தபாலில் எதுவும் அனுப்பாத குழுவுக்கு அது வெறும் சுமை. இந்தப் பத்தியில் எழுத எதுவும் இல்லாத தகவலை அன்றே அழித்துவிடலாம். கையில் இல்லாத தகவல் கசியாது.

அடுத்து படிவம். "என் தகவல்களைக் குழுவின் செயல்பாடுகளுக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்ற வரியை எங்கும் பார்க்கலாம். அதில் கையெழுத்துப் போட்டவர் எதற்குத் தலையாட்டினார் என்று அவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. அதையே இப்படி உடைக்கலாம்: "கூட்ட அறிவிப்புகளை உங்கள் நம்பருக்கு அனுப்பலாமா?" "உங்கள் நம்பரை மற்ற உறுப்பினர்கள் பார்க்கலாமா?" "உங்கள் முகம் தெரியும் படத்தைப் பொதுவில் வெளியிடலாமா?" ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என இரண்டு கட்டம், இரண்டும் காலியாக. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பே சொல்லிவிட்டது. மூன்றுக்கும் "இல்லை" என்றவரும் உறுப்பினராக இருக்க முடிய வேண்டும். முடியாதென்றால் அங்கே கேட்டது அனுமதி இல்லை, நுழைவுக் கட்டணம்.

பதிலைப் பதிவு செய்யும்போது தேதியோடு படிவத்தின் எண்ணையும் எழுதுங்கள்: "படிவம் 3, ஆம்". அடுத்த வருடம் வாசகத்தை மாற்றினால் அது படிவம் 4. பழையவர்கள் படிவம் 3-இல் இருந்ததற்குத்தான் ஒப்புக்கொண்டார்கள், புதிய வரிக்கு மறுபடி கேட்டாக வேண்டும். அதிகம் நடக்கும் தவறு இதுதான்: ஒரு நிகழ்ச்சியின் முன்பதிவுக்குக் கொடுத்த நம்பரை அப்படியே அள்ளி நிரந்தரக் குழுவில் சேர்த்துவிடுவது. அவசரத் தொடர்புக்கென்று எழுதிக்கொடுக்கும் உறவினர் நம்பரும் இந்த வகைதான். அந்த உறவினரை யாரும் கேட்கவில்லை. அந்த நம்பரை அவசரத்துக்கு மட்டும் எடுங்கள், நிகழ்ச்சி முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

ஷீட்டில் நடக்கும் விபத்துகளுக்குத் தனிப் பதிவே போடலாம். ஒரு பத்தியை மறைத்துவிட்டு எக்செல் கோப்பை அனுப்பினால், வாங்குபவர் இரண்டு கிளிக்கில் அதைத் திறந்துகொள்வார். ஃபில்டர் போட்டு அனுப்புவதும் அப்படித்தான், மறைந்த வரிகள் எல்லாம் உள்ளேயே இருக்கும். கூகுள் ஷீட்டில் இன்னொன்று: அழித்த நம்பர், திருத்தும் உரிமை உள்ள எவருக்கும் பழைய பதிப்புகளின் வரலாற்றில் தெரியும். தேவையான பத்திகளை மட்டும் காப்பி செய்து, புதிய கோப்பில் மதிப்புகளாக மட்டும் ஒட்டி, அதைக் கொடுப்பதே வழி. "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற அமைப்பை உறுப்பினர் பட்டியலுக்கு வைக்கவே வேண்டாம். பெயர் சொல்லி இரண்டு மூன்று பேருக்கு உரிமை கொடுங்கள், அவர்கள் பொறுப்பிலிருந்து விலகும் அன்றே எடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த உரிமைப் பட்டியலைத் திறந்து பார்த்தால், எப்போதோ போனவர் ஒருவர் அதில் உட்கார்ந்திருப்பார்.

சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்த்த கணத்திலேயே நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. படிவத்தின் இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்றவரை அதில் சேர்க்க முடியாது. பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் கம்யூனிட்டி வசதியில் உள்ள அறிவிப்புக் குழு பரவாயில்லை, அங்கே மற்ற உறுப்பினர்களுக்கு நம்பர் காட்டப்படாது. ஆனால் அதே கம்யூனிட்டிக்குள் இருக்கும் ஓர் உரையாடல் குழுவில் நுழைந்தால், அந்தக் குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெயில் என்றால் எல்லா முகவரிகளும் பிசிசி-யில், அதாவது ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத கட்டத்தில். இது தெரியாதவர் இல்லை, அவசரத்தில் மறக்காதவரும் இல்லை.

படங்களில் இரண்டு விஷயம். கேமரா அமைப்பில் இருப்பிடம் இயங்கியிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், போனின் மாடல் எல்லாம் எக்ஸிஃப் தகவலாகக் கோப்புக்குள் உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். தரம் குறையக்கூடாதென்று டாக்குமெண்ட்டாக அனுப்பினால் கூடவே போகும். ஒருவரின் வீட்டில் நடந்த சந்திப்பின் படம் என்றால், வெளியே போவது அவர் வீட்டு முகவரி. விண்டோஸில் கோப்பின் பிராப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ், அடியில் இந்தத் தகவல்களை நீக்கும் வழி இருக்கிறது. ஐபோனில் பகிரும்போது மேலே வரும் ஆப்ஷன்ஸில் லொகேஷனை அணைக்கலாம்.

மற்றது மறைத்தல். போனின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்படித்தால், பிரைட்னெஸ்ஸைக் கூட்டினாலே அடியில் உள்ள எழுத்து தெரிந்துவிடும். பிடிஎஃப்பில் கறுப்புப் பெட்டி வரைந்தாலும் எழுத்து கீழே அப்படியே இருக்கும், செலக்ட் செய்து காப்பி செய்தால் வந்துவிடும். வெட்டி எடுத்த படத்தையும் கண்ணை மூடி நம்ப முடியாது. கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிய பகுதியை மீட்க முடிந்த ஒரு பிழை 2023-இல் வெளிவந்தது. முழுக் கறுப்பால் மூடி, அதை இன்னொரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்தப் புதிய படத்தை அனுப்புங்கள்.

"பெயரை எடுத்துவிட்டோம், இனி யாரென்று தெரியாது" என்பதும் ஏமாற்றுதான். அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த தேதி ஆகிய மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண வாய்ப்புண்டு என்று தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லட்டன்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டார். நாற்பது பேர் கொண்ட குழுவில் அவ்வளவுகூடத் தேவையில்லை. "70 வயதுக்கு மேல், பெண், சக்கர நாற்காலி" என்று கருத்துக்கணிப்பு முடிவில் ஒரு வரி வந்தால் அது யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து பேருக்குக் குறைவான வகைகளை ஒன்றாகச் சேர்த்து வெளியிடுவது நல்லது.

இனி அந்த நம்பருக்கு வருவோம். விலகுவது, சேர்வதைப் போலவே சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி. ஒரு டிக்கில் சேர்ந்தவரிடம் விலகுவதற்குக் கடிதம் கேட்கக்கூடாது. கேட்டதும் கணக்கெடுப்புத் தாளை எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு இடமாகப் போய் அழித்து, எதிரே தேதி போடுங்கள். பலர் தடுக்கி விழுவது பேக்கப்பில். ஆறு மாதம் கழித்து ஷீட் கெட்டுப்போய், பழைய பிரதியைத் திரும்ப ஏற்றும்போது அழித்தவர்கள் எல்லோரும் உயிர்த்தெழுந்துவிடுவார்கள், அடுத்த அறிவிப்பும் அவர்களுக்குப் போய்விடும். அதற்காக ஒரு நீக்கப் பட்டியல் தனியாக இருக்கட்டும்: உறுப்பினர் எண்ணும் நீக்கிய தேதியும் மட்டும், பெயரோ நம்பரோ இல்லாமல். பேக்கப்பை ஏற்றிய கையோடு இந்தப் பட்டியலை வைத்து மறுபடி அழித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கேட்டவருக்கு அனுப்பும் பதிலில், எங்கெங்கே அழித்தோம் என்பதோடு எதை அழிக்க முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். அச்சாகி விநியோகமான கையேடு, மற்றவர்கள் தங்கள் போனில் சேமித்துக்கொண்ட நம்பர், ஃபார்வர்ட் ஆகிப்போன படம் ஆகியவை திரும்பி வராது.