பெட்லைனர் அடிக்கும் முன் உப்பைக் கழுவுங்க

குளச்சல், முட்டம் பக்கம் மீன் ஏற்றும் லோடு ஆட்டோவுக்குத் தாங்களே பெட்லைனர் (லோடு ஏற்றும் தகரத் தளத்தைக் காக்கும் கெட்டியான பூச்சு) அடிக்க நினைப்பவர்களுக்கு.

பாதி வேலை கழுவுவதில்தான் இருக்கு. ஐஸ் தண்ணியும் உப்பும் தகர மடிப்புகளில் தங்கியிருக்கும். அதன்மேல் அடித்தால் மேலே எல்லாம் சரியாகத் தெரியும், அடியில் துரு தின்னும். நல்ல தண்ணியில் பிரஷர் வாஷ், சோப்பு, மறுபடி நல்ல தண்ணி. (கடற்கரையில் உப்புக் கரிக்கும் போர் தண்ணி வேண்டாம்.) காய்ந்ததும் தின்னர் துணியால் மீன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சுட்டு, 120 அல்லது 180 நம்பர் எமரி. பழைய பெயிண்ட் மினுங்கும் இடத்தில்தான் முதலில் உரியும். துருவை வயர் பிரஷால் தகரம் தெரிய எடுத்து, அங்கே எபாக்சி பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு).

பெட்லைனருக்கு வரும் டூ பேக் பாலியூரிதேன் கிட் (பூச்சு தனி, அதை இறுக்கும் ஹார்டனர் தனி) பலதும் 3:1 கலவை, பூச்சு 3 பங்குக்கு ஹார்டனர் 1 பங்கு. டப்பாவில் போட்டதே கணக்கு. ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் காயும் என்பது வெறும் பேச்சு. நம்ம வெயிலில் கலந்தது சீக்கிரம் இறுகும், அதனால் 1 லிட்டருக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காதீங்க. மெல்லிசா 2 கோட்.

ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் தொடவே வேண்டாம். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனம் ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பி, கோட்டிங் குமிழி குமிழியாக நுரைக்கும். அதே ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். ஸ்ப்ரேக்குத் துணி மாஸ்க் எதற்கும் உதவாது. வெளிக்காற்று வரும் குழாய் மாஸ்க் இல்லையென்றால் திறந்த இடத்தில், கார்ட்ரிட்ஜ் மாஸ்க் (வடிகட்டி டப்பா பொருத்தியது) போட்டு ரோலரில் அடிங்க.

மாஸ்கிங் டேப்பை, கோட்டிங் காயும் முன்பே உரிச்சிடணும். தண்ணி வடியும் ஓட்டைகளை அடைக்காதீங்க. ஒரு வாரம் மீன் பெட்டி ஏற்ற வேண்டாம்.