கதைச்சுருக்கம் கேட்காமல் ஒரு நாவல் பாடம்

கல்லூரியில் நாவல் பாடமாக வைக்கப்படும்போது மாணவர் எழுதித் தருவது பெரும்பாலும் இரண்டுதான்: கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு. இரண்டையும் நோட்ஸைப் பார்த்து எழுதிவிடலாம். இப்போது கைபேசியே எழுதிக் கொடுத்துவிடும். அதனால் பல ஆசிரியர்கள் சார்ட்டில் படம் வரைவது, அட்டைப்படம் வடிவமைப்பது, நாடகம் போடுவது என்று படைப்பாக்கப் பயிற்சிகளுக்கு மாறுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் நாவலைத் திறக்காமலேயே அட்டைப்படத்தை அழகாக வரைந்துவிட முடியும். ஆகவே எந்தப் பயிற்சியைத் தேர்ந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது, அதைச் செய்து முடிக்க மாணவர் எத்தனை முறை புத்தகத்துக்குத் திரும்பியாக வேண்டும் என்பதைத்தான். ஒருமுறைகூடத் தேவையில்லை என்றால் அந்தப் பயிற்சியை விட்டுவிடலாம்.

மிகுந்த பலன் தருவது ‘ஒரு செயலை மட்டும் மாற்று’ என்னும் பயிற்சி. இதற்குத் தமிழிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966-இல் ஆனந்த விகடனில் வந்த சிறுகதை. அதில், முன்பின் அறியாத ஒருவனால் கெடுக்கப்பட்டு மழையில் நனைந்து வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, விஷயம் வெளியே தெரியாமல் அவளைக் காத்துக்கொள்கிறாள். அந்தத் தாய் அப்படி நடந்துகொள்ளாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதிலிருந்து வளர்ந்ததுதான் அவருடைய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல். ஊருக்குத் தெரிந்துவிடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான், மகள் கங்காவின் வாழ்க்கையே வேறாகிவிடுகிறது.

வகுப்பில் முதலில் சிறுகதையைச் சத்தமாக வாசியுங்கள். மகள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நிறுத்தி, அடுத்து தாய் என்ன செய்வாள் என்று ஒவ்வொருவரும் பத்து வரி எழுதட்டும். பிறகு மீதிக் கதையை வாசித்து, அடுத்த வகுப்பில் நாவலுக்கு வரலாம். நாவலைப் படித்து முடித்ததும் மாணவர் தாமே ஒரு திருப்பத்தைத் தேர்ந்து, அதில் ஒரே ஒருவரின் ஒரே ஒரு செயலை மாற்றி 300 சொற்களில் எழுதவேண்டும். கூடவே அரைப் பக்கம், இந்த மாற்றத்தால் பின்னால் எந்தெந்தக் காட்சிகள் நிகழாமல் போகும், எவை மாறாமல் நிற்கும் என்ற கணக்கு. அந்த அரைப் பக்கத்துக்குத்தான் முக்கால்வாசி மதிப்பெண்.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு, எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிடுவது. அண்ணன் அழுது மன்னிப்புக் கேட்பான், சுபமாக முடியும். செயலை மாற்றச் சொன்னால் மாணவர் மனிதரின் சுபாவத்தையே மாற்றிவிடுகிறார்கள், அதுதான் காரணம். தடைகளை முன்கூட்டியே பலகையில் எழுதிவிடுங்கள்: புதிய பாத்திரம் கூடாது, மரணமோ விபத்தோ கூடாது, ‘பத்து ஆண்டுகளுக்குப் பிறகு’ கூடாது, எவருடைய குணமும் மாறக்கூடாது. தடைகள் கூடக்கூட மாணவர் நாவலை மேலும் நுணுக்கமாகப் படிக்கிறார்கள். அண்ணன் கணேசன் எப்படிப்பட்டவன், கங்காவின் தாய்மாமன் வெங்கு மாமாவின் அக்கறைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருக்கிறது.

பாத்திரத்தை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் பயிற்சியையும் இதே நாவலில் செய்யலாம். ஆனால் கங்காவாக ஒரு மாணவியை உட்காரவைத்துவிடாதீர்கள். கேள்விகள் எங்கே போகும் என்பது யார் கையிலும் இல்லை. அந்தச் சுமை பாத்திரத்தோடு நிற்காமல் அந்தப் பெண்ணின் மீதும் விழும். அண்ணன் கணேசனை உட்காரவைக்கலாம், தாய் கனகத்தை உட்காரவைக்கலாம். பதில் சொல்பவர் கையில் இரண்டு அட்டைகள்: நாவலில் இருப்பதைச் சொல்லும்போது பச்சை, ஊகித்துச் சொல்லும்போது மஞ்சள். பச்சையைக் காட்டினால் இடத்தை எடுத்துக் காட்டவேண்டும். ஒருவருக்கு ஏழெட்டு நிமிடம் போதும், அதற்குமேல் போனால் அரட்டையாகிவிடும். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும் என்பதால், அத்தியாயத்தையும் பத்தியின் தொடக்கச் சொற்களையும் குறித்துக்கொள்ளச் சொல்வது நல்லது.

பாத்திரத்தின் நாட்குறிப்பு எழுதச் சொல்வது எங்கும் வழக்கம். எங்களுக்கு அதில் நம்பிக்கை குறைவு. நாட்குறிப்பு என்றதும் ‘இன்று நான்’ என்று தொடங்கிக் கதைச்சுருக்கத்தையே தன்மையில் எழுதிவிடுகிறார்கள். கடிதம் மேல். கடிதத்துக்கு எதிரே ஓர் ஆள் இருக்கிறார்; அவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற கேள்வி வந்துவிடுகிறது. எழுதுபவருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைக் கடிதத்தில் மறைத்தாக வேண்டும் என்பது விதி. மறைத்தது என்ன, ஏன் என்பதைத் தாளின் பின்பக்கம் மூன்று வரியில் எழுதவேண்டும். பாத்திரப் படைப்பைப் பற்றிய பத்து மதிப்பெண் விடையில் வராதது அந்த மூன்று வரியில் வந்துவிடும்.

இடம் முக்கியமாக இருக்கும் நாவலுக்கு வரைபடம் பொருந்தும். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யில் குளத்து நடுவே நின்ற மரம், காலம் மாற மாற நாற்சந்தியின் மரமாகிவிடுகிறது. சார்ட்டை நான்காக வெட்டி, ஒரே இடத்தை வெவ்வேறு காலத்தில் மூன்று முறை வரையச் சொல்லுங்கள். நான்காவது துண்டில், இடையில் என்னென்ன மறைந்தன, அதனால் யாருக்கு லாபம் என்ற பட்டியல். பென்சில் மட்டும்தான். வண்ணப் பென்சிலைக் கொடுத்தால் ஒரு வகுப்பு முழுக்க மரத்துக்கு இலை வரைவதிலேயே போய்விடும். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. குறிக்கப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் நாவலில் ஆதாரம் இருக்கவேண்டும்.

‘பொன்னியின் செல்வன்’ போலத் தொடராக வந்த நாவல் என்றால், ஏதாவது ஓர் அத்தியாய முடிவில் நிறுத்தி அந்த வார வாசகர் கடிதத்தை எழுதச் சொல்லலாம். அதுவரை தெரிந்ததை மட்டும் வைத்து எழுதவேண்டும். பின்னால் வருவது ஒரு சொல்லில் கசிந்தாலும் பக்கத்தில் இருப்பவர் பிடித்துவிடுவார்.

நாடகம் போடுவதில் உடை, ஒப்பனை, மைக் என்று நேரமெல்லாம் கரைந்துவிடும். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே குரலால் நடிக்கும் வாசிப்பு நாடகம் எட்டு நிமிடத்தில் முடியும். உரையாடலை மட்டும் பிரித்துக்கொண்டு கதைசொல்லியின் வரிகளை வெட்டிவிடுவதுதான் இதில் வரும் தவறு. கதைசொல்லிக்கு ஒரு குரலை ஒதுக்கிவிடுங்கள். எழுத்தாளரின் கேலியும் இரக்கமும் பெரும்பாலும் அந்தக் குரலில்தான் இருக்கும்.

அறுபது பேர் உள்ள வகுப்பில் நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிரிப்பது நல்லது. பத்துப் பேர் என்றால் இரண்டு பேர்தான் வேலை செய்வார்கள். எல்லாக் குழுவும் மேடையேற நேரம் இருக்காது. பக்கத்துக் குழுவோடு தாளை மாற்றிக்கொண்டு, ஆதாரம் இல்லாத வரிகளை அடிக்கோடிட்டுத் திருப்பித் தரட்டும். முதல் வரைவை வகுப்பிலேயே, அரை மணி நேரத்தில், கையால் எழுதவைத்துவிட்டால் கைபேசிக்கு வேலை குறையும். அகமதிப்பீட்டில் பத்து மதிப்பெண் ஒதுக்கினால் நாவலிலிருந்து காட்டும் ஆதாரத்துக்கு ஐந்து, காரணகாரியத்துக்கு மூன்று, மொழிக்கு இரண்டு. அலங்காரத்துக்கு எதுவும் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடவேண்டும்.

எப்படியும் சிலர் படிக்காமல் வருவார்கள். அவர்களை வெளியே அனுப்பவேண்டாம். நாற்காலிப் பயிற்சியில் கேள்வி கேட்பவர்களாக அவர்களையே வையுங்கள். படித்தவர்கள் விடை தெரிந்த கேள்வியைத்தான் கேட்பார்கள். படிக்காதவர்தான் ‘உன் தங்கச்சிதானே, அப்புறம் ஏன் துரத்தினே?’ என்று நேராகக் கேட்பார். கணேசனாக உட்கார்ந்திருப்பவர் பச்சை அட்டையா மஞ்சள் அட்டையா என்று தடுமாறுவார். அதற்குள் வகுப்பில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டத் தொடங்கியிருப்பார்கள்.