மொட்டைத் தலையும் சந்தனமும்

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலையில் மகனுக்கு மொட்டை போட்டோம். சந்தனத்தைக் குழைத்து உச்சியில் அப்பிய அம்மா, "முடி நல்லா அடர்த்தியா வளரும்டா" என்று சொல்ல, நான் வழக்கம்போலச் சிரித்தேன். அப்புறம்தான் படித்தேன், வாசனையை உணரும் ஏற்பிகள் மூக்கில் மட்டும் இல்லையாம், தோலிலும் விந்தணுவிலும்கூட இருக்கின்றன. 2014இல் ஜெர்மனியின் ரூர் பல்கலைக்கழகத்தில் ஹன்ஸ் ஹாட் குழுவினர், சந்தன வாசனை வீசும் சான்டலோர் என்ற செயற்கைப் பொருளைத் தோல் செல்களில் விட்டபோது, அங்கிருந்த ஓஆர்2ஏடி4 என்ற ஏற்பி விழித்துக்கொண்டு செல்கள் பெருகின, காயம் ஆறும் வேலையும் வேகமெடுத்தது. 2018இல் அதே ஏற்பியைத் தூண்டி முடி வேர்களின் வளர்ச்சிக் காலத்தையும் நீட்டியிருக்கிறார்கள், ஆய்வகத்தில்தான். அது செயற்கைச் சரக்கு, நம்ம கல்லில் அரைத்த சந்தனம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சரி சரி, தலையைக் காட்டு" என்று என் வழுக்கையிலும் ஒரு கை அப்பிவிட்டார்.