ஏழாவது படி

பிப்ரவரி 8, 2023, புதன்

காலை பத்து மணிக்கு ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு அது கொடுக்கும் கடனுக்கான வட்டி, 6.25-லிருந்து 6.50. போன மே மாதம் வரை 4 சதவீதமாக இருந்தது, ஆறு தடவை ஏற்றியாகிவிட்டது. சாயங்காலம், வீடு வாங்கக் கடன் கேட்டிருந்த வங்கியிலிருந்து போன். "9 சதவீதம் வரும் மேடம்." 48 லட்சம், 20 வருடம், மாதம் 43,187. கொழுந்தன் 2021-ல் 6.7-க்கு வாங்கினார். அந்த வட்டி நமக்குக் கிடைத்திருந்தால் 36,355. ஆனால் அவருக்கும் அது நிலைக்கவில்லை. இஎம்ஐயையும் கொஞ்சம் ஏற்றி, வருடத்தையும் நீட்டிவிட்டார்கள். 2041-ல் முடியவேண்டிய கடன், எப்போது முடியும் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

பிப்ரவரி 12, ஞாயிறு

மூன்றாவது தடவையாக வீட்டைப் பார்க்க மடிப்பாக்கம் போனோம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம் கைக்கு எட்டுகிறது. சின்னவன் நேராகப் போய் உள்ளறையில் படுத்துக்கொண்டு "இது என் ரூம்" என்றான். டீச்சரம்மா சிரித்தார். அவர் மகனோடு புனேவுக்குப் போகிறார். வீட்டை விற்பதில் அவருக்கு மனசே இல்லை என்பது, அலமாரிக் கதவை அவர் மூடும் விதத்திலேயே தெரிகிறது.

இறங்கும்போது கீழ்வீட்டு அக்கா தானாகவே சொன்னார். "2015-ல ஏழாவது படி வரைக்கும் தண்ணி. டிசம்பர் ஒண்ணாந்தேதி ராத்திரி. மோட்டார் போச்சு, மீட்டர் போச்சு, நாங்க மொட்டை மாடியில மூணு நாள்." மீட்டர்களை இப்போது மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். சுவருக்குப் புது பெயின்ட், இடுப்பளவுக்கு டைல்ஸ். எங்கள் வீடு முதல் மாடி, உள்ளே வராது. தரகர் இதைச் சொல்லவே இல்லை. கேட்டதற்கு, "அந்த வருஷம் சென்னையில எங்கதான் வரலை?" என்றார்.

பிப்ரவரி 13, திங்கள்

மொத்தம் பதினெட்டு படிகள்.

பிப்ரவரி 19, ஞாயிறு

வக்கீல் பத்திரங்களைப் பார்த்துவிட்டார். முப்பது வருட வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை. மூலப்பத்திரம் அசல் இருக்கிறது. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் வரைபடத்துக்கும் கட்டடத்துக்கும் பொருந்துகிறது, மொட்டை மாடியில் போட்டிருக்கும் தகரக் கொட்டகை மட்டும் கணக்கில் இல்லை. யுடிஎஸ், அதாவது மனையில் நம் பங்கு, 410 சதுர அடி. "தைரியமா வாங்கலாம்மா" என்றார்.

காகிதத்தில் குறை இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. யாராவது வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அப்பா சொல்ல மாட்டார், மாமா சொல்ல மாட்டார், இவரும் சொல்ல மாட்டார்.

பிப்ரவரி 26, ஞாயிறு

டோக்கன் அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கொடுத்தோம். ஒப்பந்தம் போடும்போது பத்து சதவீதம், 6,20,000. பங்குனி பிறப்பதற்குள் போட்டுவிடுங்கள் என்று அப்பா போனில் மூன்று தடவை சொன்னார்.

மார்ச் 4, சனி

இரவு முழுக்கக் கணக்கு.

வீடு 62 லட்சம். கடன் 48. கைப்பணம் 14. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், ஆக 11. அது 6,82,000. இதற்கு வங்கி ஒரு ரூபாய் தராது. கூட்டினால் 20,82,000. தரகர், வக்கீல், பெயின்ட் எல்லாவற்றுக்கும் தனியாக எடுத்து வைத்த பிறகு நம்மிடம் இருப்பது 21 லட்சம்.

மிச்சம் 18,000.

பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் எவ்வளவோ மிச்சமாகும் என்றார் தரகர். இவர் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் 18,000.

புது வரித் திட்டத்துக்குப் போனால் குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டிக்கு விலக்கு கிடையாது. பழையதில் வருடம் இரண்டு லட்சம் வரைதான். முதல் வருட வட்டி மட்டுமே நாலு லட்சத்தைத் தாண்டும். அசல் எங்கே குறைகிறது என்று அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் மாதம் கட்டும் 43,187-ல் 36,000 வட்டி.

என் சம்பளம் 26,000. இப்போதைய வாடகை 18,000. இந்த இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்வரை எனக்குப் பயமில்லை. என்ன ஆனாலும் என் சம்பளத்தில் வாடகை கட்டிவிடலாம். 43,187-ஐ என் சம்பளத்தால் தொடக்கூட முடியாது.

மார்ச் 7, செவ்வாய்

பள்ளியில் இரண்டு பிரிவேளை என்ன நடத்தினேன் என்றே தெரியவில்லை.

மார்ச் 11, சனி

அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கியை மூடிவிட்டார்கள். இவர் டீம் வேலை பார்ப்பதும் ஒரு வங்கிக்குத்தான். விடியற்காலையிலேயே எழுந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம கிளையன்ட் வேற பேங்க்தான்" என்றார். நான் கேட்கவே இல்லை.

மார்ச் 13, திங்கள்

இன்னொரு வங்கியும் மூடியாயிற்று, சிக்னேச்சர். இவருடைய 11 மணி ஆபீஸ் கால் ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. வெளியே வந்து தண்ணீர் குடித்தார். புது ஆள் எடுப்பதை நிறுத்தியிருக்கிறார்களாம். பயண அனுமதிகளையும். "வேற ஒண்ணும் இல்ல." ஜனவரியிலிருந்தே கூகுள் 12,000 பேர், மைக்ரோசாஃப்ட் 10,000 பேர் என்று படித்துப் படித்து, எண்ணிக்கைக்குப் பின்னால் வீடுகள் இருப்பதே மறந்துபோயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு இஎம்ஐ தேதி இருக்கும்.

பங்குனிக்கு இன்னும் இரண்டு நாள். டீச்சரம்மாவிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். "ஏப்ரல் பத்து வரைக்கும் இருப்பேம்மா. அதுக்கு மேல மகன் கேப்பான்" என்றார். வேறு யாரோ வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மார்ச் 14, செவ்வாய்

முடிச்சூர் கனவு. 2015-ல் அங்கே கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சின்னவன் அப்போது வயிற்றில். தண்ணீர் கதவுக்கு அடியில் சத்தமே இல்லாமல் நூல் மாதிரி வரும், நாம் துணியை வைத்து அடைத்துக்கொண்டிருப்போம். என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டு உலர்த்தினேன். பட்டத்தில் இருந்த ஊதா முத்திரை கரைந்து பெயர்வரை பரவியிருந்தது. இன்றும் நேர்முகத் தேர்வில் அதை நீட்டும்போது முதலில் அந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த மாதம் காலி செய்துவிட்டுப் போனோம். வாடகை வீடு, போக முடிந்தது.

சொந்த வீட்டை விட்டு எங்கே போவது?

மார்ச் 18, சனி

பவுன் 44,000-ஐத் தாண்டிவிட்டது. அங்கே வங்கி விழுந்தால் இங்கே தங்கம் ஏறுகிறது. இவர் வேலையைப் பயமுறுத்துவது எதுவோ, அதுவேதான் பீரோவில் இருக்கும் என் வளையலின் விலையை ஏற்றுகிறது. அம்மா போட்டது. இரண்டும் சேர்த்து மூன்று பவுன்.

மார்ச் 20, திங்கள்

தமிழக பட்ஜெட். மதிய இடைவேளையில் போனில் பார்த்தேன், கை நடுங்கியது. 2017-ல் குறைத்த வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு) பழையபடி ஏற்றுகிறார்கள். அதற்கு ஈடாகப் பதிவுக் கட்டணம் 4-லிருந்து 2. ஏப்ரல் 1 முதல். வழிகாட்டி மதிப்பில் குறைத்து எழுத நினைத்தவர்களுக்கு இது அடி. முழு விலையையும் எழுதப்போகிற நமக்கு 11 சதவீதம் 9 ஆகிறது. 6,82,000 இனி 5,58,000.

1,24,000 மிச்சம்!

மிச்சம் 18,000 என்று எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு 1,42,000 என்று எழுதினேன். பங்குனிக்கு முன்னால் முடித்திருந்தால் பத்திரமும் மார்ச்சிலேயே பதிவாகியிருக்கும். பயந்து தள்ளிப்போட்டது நல்லதாகப் போயிற்று என்று இவரிடம் சொன்னேன். ரொம்ப நாள் கழித்துச் சேர்ந்து சிரித்தோம்.

கிரெடிட் சுவிஸ்ஸை நேற்று யுபிஎஸ் வாங்குவதாக ஆயிற்றாம். சாப்பிடும்போது அதைச் சொன்னார். சிரிப்பு அதோடு சரி.

மார்ச் 21, செவ்வாய்

இத்தனை நாளும் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேலை போகுமா போகாதா என்று. அதற்கு யாரிடமும் பதில் இல்லை, இவருடைய மேனேஜரிடமும் இல்லை. போனால் எத்தனை மாதம் தாங்குவோம் என்பதுதான் கேள்வி. இதற்கு என்னால் பதில் எழுத முடியும்.

ஆறு மாத இஎம்ஐ 2,59,122. கையில் 1,42,000. குறைவது 1,17,122.

மூன்று பவுன்.

ஆறு மாதத்துக்குள் இவருக்கு வேறு வேலை கிடைக்கும். 14 வருட அனுபவம். சாப்பாட்டுக்கும் பள்ளிக்கும் என் 26,000. இழுத்துப் பிடித்துப் போய்விடலாம்.

மார்ச் 24, வெள்ளி

இவர் டீமில் இரண்டு பேர் ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறார்.

மார்ச் 25, சனி

வேண்டாம். வாடகை வீடே போதும்.

மார்ச் 26, ஞாயிறு

வீட்டுக்காரர் ஜூனிலிருந்து வாடகை 21,000 என்கிறார். மேடவாக்கம் சாலையில் மெட்ரோ வேலை முடிந்தால் இன்னும் ஏறும் என்கிறார். இப்போது அந்தத் தடுப்புகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டிப் போவதே பெரும்பாடு.

நேற்று எழுதியதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஏப்ரல் 2, ஞாயிறு

அம்மாவிடம் வளையலைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "உனக்குன்னு போட்டதுதான். சுவரா மாறினா மாறட்டும்" என்றாள். சுவராக மாறவில்லை அம்மா, ஆறு மாதமாக மாறுகிறது என்று சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

ஏப்ரல் 6, வியாழன்

ரெப்போவில் மாற்றமில்லை. 6.50-லேயே நிற்கிறது. எல்லோரும் ஏறும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான் இந்த நிறுத்தம் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சேர்த்தே சொன்னார். ஜூனில் மறுபடி பார்ப்பார்கள். சரி, ஜூன் வரைக்குமாவது ஒரு எண் அசையாமல் இருக்கிறதே.

ஏப்ரல் 8, சனி

வளையலை விற்றுவிட்டேன். சேதாரம் கழித்து 1,27,000. தனிக் கணக்கில் போட்டாயிற்று. கை வெறுமையாக இருக்கிறது, கரும்பலகையில் எழுதும்போது சத்தமே வராது இனி.

ஏப்ரல் 9, ஞாயிறு

தனியாகப் போய் ஏழாவது படியில் உட்கார்ந்து பார்த்தேன். கீழ்வீட்டு அக்கா காபி கொடுத்தார். அந்த வெள்ளத்துக்குப் பிறகும் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "எங்க போறது? தண்ணி மூணு நாள்ல வடிஞ்சிடுச்சு" என்றார்.

சம்ப் மூடியை உயர்த்திக் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் வண்டியை மேட்டில் விட வேண்டும். சான்றிதழ்களை மேல் லாஃப்டில், பிளாஸ்டிக் டப்பாவில்.

அப்பாவிடம் பேசினேன். பங்குனியில் வேண்டாம் என்றவர் கடைசியில் பஞ்சாங்கத்தை எடுத்தார். நாளை ராகு காலம் 9 மணிக்கு முடிகிறது. எமகண்டம் 10.30-க்கு. நடுவில் ஒன்றரை மணி நேரம்.

ஏப்ரல் 10, திங்கள்

இவருடைய ஆபீஸ் காலுக்கு நேற்று இரவு புது அழைப்பு வந்திருக்கிறது. அதே 11 மணி, ஆனால் ஹெச்ஆரும் இருக்கிறார்கள். அது முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம், இப்போதே போடலாம் என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டார்.

9.20. பத்திரம் எழுதுபவரின் கடையில் உட்கார்ந்திருக்கிறோம். முத்திரைத்தாள் தயார். டீச்சரம்மாவின் ஆட்டோ கீழ்க்கட்டளையில் நிற்கிறதாம்.

9.50. இன்னும் வரவில்லை.